தகடு போட்ட வண்டிகள்

"புகையைத் திருப்பி வண்டிக்கிட்டயே குடுக்கறதுங்கறது இருக்குதே, அது…" என்று லாரி உரிமையாளர் சங்கத்தின் பழைய தலைவர் வையாபுரி ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்ததும், அந்த நேரம் பார்த்து போண்டா வந்ததும், எல்லோரும் தட்டை நீட்டியதும் சங்ககிரியில் பலருக்கு ஞாபகம் இருந்தது. அவர் எப்படி முடித்தார் என்பதுதான் ஒருவருக்கும் சரியாக ஞாபகமில்லை. பெற்ற பிள்ளைக்கு எச்சில் சோறு போடுகிற மாதிரி என்று முடித்தார் என்றார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, வேறு யார் தலையிலும் கட்டாமல் தானே சுமக்கிற மாதிரி என்றுதான் முடித்தார் என்றார்கள் வேறு சிலர். வையாபுரி செத்துப்போய்விட்டதால் கேட்டுத் தெளிய வழியில்லாமல், ஊர் தனக்குத் தோதான பாதியை வைத்துக்கொண்டு, வண்டிகளுக்கெல்லாம் தகடு போட்டுவிட்டது.

தகடு என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்குகிற ஓர் இரும்புத் துண்டுதான். புது மாதிரி எஞ்சின்களில், வெளியே போகவேண்டிய புகையில் ஒரு பங்கைப் பிடித்து மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே அனுப்ப ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், ஊர்க்காற்று கெடாமலிருக்கட்டும் என்று. திரும்பி வந்த புகையும் ஆயிலின் ஆவியும் கூடிக்கொண்டு, எஞ்சின் மூச்சிழுக்கிற வழியெல்லாம் கரியாக அப்பிக்கொள்ளும். டீசலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற எஞ்சின் என்பதால் அந்த வழியை டீசல் தொட்டுக் கழுவுவதும் கிடையாது, படிந்தது படிந்ததுதான். கை நுழைகிற வழி விரல் நுழைகிற வழியாகும், வண்டி ஏற்றத்தில் இளைக்கும், டீசலைக் குடிக்கும், கடைசியில் பைபாஸ் ஓரத்து அனீபா பாய் பட்டறையில் போய் நிற்கும். பாய் காற்றுக்குழாய்களைக் கழற்றி, டீசலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் ஒரு பகல் முழுக்கச் சுரண்டுவார்; வெந்த கருப்பட்டிப் பாகு மாதிரி கரி வழிந்து வரும். கொஞ்ச காலம் போனால் மறுபடியும் அதே கதை. அதனால் யாரோ ஒருவர் அந்தக் குழாயின் வாயில் ஒரு தகட்டை வைத்து முடுக்கினார், வண்டி காளை மாதிரி இழுத்தது, அதைப் பார்த்து அடுத்தவர் முடுக்கினார். நிறைமதி என்று மகளின் பெயரை நெற்றியில் எழுதிய தன் ஒற்றை லாரிக்கு, செங்கோடனும் ஒரு நாள் முடுக்கிக்கொண்டு வந்தான்.

எஞ்சின் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய புகை எங்கே போகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அது பெயர் தேடி வந்தது.

அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் யாரும் வண்டிக்குத் தங்கள் பெயரை வைப்பதில்லை. ஒன்று சாமி பெயர், இல்லாவிட்டால் பிள்ளை பெயர், கண்ணாடிக்கு மேலே மஞ்சளிலும் சிவப்பிலும் பூப்போட்டு எழுதியிருக்கும். முனியப்பன் துணை என்று எழுதிய வண்டிகளின் புகை பொழுதோட, இருட்டுகிற நேரத்துக்கு, முனியப்பன் கோயிலுக்குப் போய் நின்றது. பூசாரி முதலில் வேப்பிலையால் விரட்டிப் பார்த்தார், பிறகு கற்பூரப் புகை எது வண்டிப் புகை எது என்று சாமிக்கே பிரித்துப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடையைத் திறந்தே வைத்தார். மாமியார் பெயரை எழுதிய ஒருவருடைய புகை மாமியார் வீட்டுக்குப் போனது, அந்தம்மா மருமகனுக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. 'நண்பன்' என்று எழுதிய ஒரு வண்டியின் புகைக்கு மட்டும் எந்த வீடு என்று தெரியாமல், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தது. பேக்கரிக்காரர் இரக்கப்பட்டு அதை பெஞ்சின் ஒரு முனையில் இருந்துகொள்ளச் சொன்னார். வண்டி நாக்பூரில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் புகை நாளாவட்டத்தில் வந்து சேர்ந்துவிடும். நாக்பூர் போன வண்டியின் புகையில் லேசாக ஆரஞ்சு வாசம் அடிக்கும்.

பிள்ளைகள் பெயர் எழுதியவர்களுடைய புகை பிள்ளைகளிடம் வந்தது.

செங்கோடன் வீட்டுக்கு அது முதன்முதலில் வந்தபோது அவன் மனைவி பூங்கொடி அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருந்தாள். "ஏனுங்க, ஒறம்பரை யாரோ வந்திருக்காப்பல இருக்குதுங்க, எந்திரிச்சு பாருங்க" என்றாள். செங்கோடன் எழுந்து பார்த்தான். வாசற்படிக்கு வெளியே, கன்றுக்குட்டி உயரத்துக்கு, கறுப்பாக, கூப்பிடாமல் உள்ளே வரக்கூடாது என்பது தெரிந்த மாதிரி அது நின்றுகொண்டிருந்தது. காற்று வீசியது, கொடியில் துணி ஆடியது, அது ஆடவில்லை. மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த நிறைமதி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒருவரைச் சொல்வது போல, "தம்பி வந்துட்டான்" என்றாள். தம்பி வேண்டும் தம்பி வேண்டும் என்று அவள் கேட்டு, இவர்களும் கோயில் கோயிலாகப் போய், அந்தப் பேச்சையே விட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

"வா" என்று அவள் சொன்னதும் அது உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

இதையெல்லாம் ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. கதவைச் சாத்தினால் புகை சாவித் துவாரம் வழியாக நெளிந்து நுழைகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கதவை யாரும் சாத்துவதில்லை என்றானது. உட்காரப் பலகை போட்டார்கள். அது சுவரைக் கறுப்பாக்கவில்லை, துணியில் ஒட்டவில்லை, நாற்றமும் அவ்வளவாக இல்லை. அப்புறம் என்ன கேடு என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் "உங்க வீட்டுக்கு எத்தனை வருதுங்க?" என்று கேட்டார்கள், ஒன்றுதான் என்றால், ஒரே லாரிதானா என்று முகம் சுருங்கினார்கள். ஒருவர் பயந்துபோய் மகன் பெயரை அழித்துவிட்டு ஓம் சக்தி என்று எழுதினார். புகை கோயிலுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பையனிடமே வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் பெயரில் கை வைக்கவில்லை.

நிறைமதிக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. பனி விழுந்தால் இழுக்கும், பஞ்சு பறந்தால் இழுக்கும், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இழுக்கும். நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்க, பூங்கொடி அவள் முகத்தில் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புகை வந்த பிறகு வீசிங் நின்றுவிட்டது. நெபுலைசர் பீரோவின் மேல் ஏறித் தூசி படிந்தது. பிள்ளை படுத்தால் விடிகிறவரை அசையாமல் தூங்கினாள்.

"எந்தச் சாமி பண்ணுன புண்ணியமோ, புகையா வந்திருக்குது" என்றாள் பூங்கொடி. "நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க."

செங்கோடனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அனீபா பாய் பட்டறையில் அந்தக் குழாயைப் பார்க்கிற வரைக்கும். டர்போவில் ஆயில் கசிகிறது என்று வண்டியை விட்டிருந்தான். பாய் காற்றுக்குழாய்களைக் கழற்றி வெயிலில் காட்டி, "வந்து பாருங்கண்ணே, உங்க ஊட்டு அண்டா குண்டாக்கூட இப்படி இருக்காது" என்றார். உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம் மின்னியது. விரலை விட்டுத் துழாவினான், விரல் சுத்தமாக வந்தது. பட்டறைப் பசங்கள் கைதட்டினார்கள்.

"பாய், தகடு போட்டாலும் ஆயில் ஆவியாச்சும் லேசா படியோணுமில்ல?"

"படியோணும்."

"அது எங்க போச்சு?"

அனீபா பாய் பீடியைப் பற்றவைக்கப் போனவர், வைக்காமல் காதிலேயே செருகிக்கொண்டார். "வண்டி ஓடுதா இல்லையா? அதைக் கேளுங்கண்ணே" என்றார்.

அன்றைக்கு அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்த பயம், பிறகு எதைப் பார்த்தாலும் அங்கிருந்தே எட்டிப் பார்த்தது. மாடிப்படி ஏறும்போது நிறைமதி பாதியில் நின்று, யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கிக்கொண்டு, பிறகு ஏறினாள். வேடிக்கையாக ஏதாவது சொன்னால் உடனே சிரிக்காமல், சிரிப்பு தூரத்திலிருந்து வரவேண்டியிருப்பது போல, கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாள். 'அப்பா' என்று வாசலிலிருந்து கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. அது திண்டுக்கல் பூட்டுச் சாவித் துவாரம் வழியாக வருகிற மாதிரி மெலிந்திருந்தது. லாரியோ, முப்பது டன் பாரத்தை வைத்தாலும் பாட்டுப் பாடிக்கொண்டு இழுத்தது.

அவள் ஒருத்தி மட்டுமில்லை. பெயர் எழுதிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அடங்கிக்கொண்டு வந்தார்கள். இடைவேளையில் பள்ளிக்கூட மைதானத்தில் காக்கைச் சத்தம் கேட்டது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கத்தைப் பார்த்ததில்லைங்க, பெத்தவங்களைப் பாராட்டோணும்" என்று ஹெட்மாஸ்டர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். யார் வீட்டுப் பிள்ளை அதிகம் அமைதி என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு மத்தியான வெயிலில் பந்தல் போட்டிருந்தார்கள். இறைவணக்கம் பாட முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் லாரிக்காரர் பிள்ளைகள், நடுவில் நிறைமதி, பாவாடை சட்டையும் கனகாம்பரமுமாக. ஆர்மோனியம் ஆரம்பித்தது. பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள், உதடுகள் சேர்ந்து அசைந்தன, கைகள் சேர்ந்து கூம்பின, ஆர்மோனியம் தனியாகப் பாடிக்கொண்டு போனது. பந்தலில் ஒரு சலசலப்பு. "ஏப்பா மைக் செட்டு, என்ன மயிரப் புடுங்கிட்டு இருக்கற? ஒண்ணுமே கேக்கலை!" என்று ஒருவர் எழுந்து சத்தம் போட்டார். மைக் செட்டுக்காரன் ஓடிவந்து, "ஹலோ, ஹலோ, செக்" என்றான். அவன் குரல் ஊர் முழுக்க இடித்தது. மறுபடியும் மைக்கைப் பிள்ளைகள் வாயருகில் வைத்தான், மறுபடியும் ஆர்மோனியம் மட்டும். பிறகு முன்வரிசையில் சங்கத்துக்காரர் ஒருவர் கைதட்ட, பின்னால் எல்லோரும் தட்டினார்கள், நெடுநேரம் தட்டினார்கள், தட்டுவதை நிறுத்தினால் என்ன கேட்குமோ என்பது போலத் தட்டினார்கள். செங்கோடனுக்குக் கை சேரவில்லை. பக்கத்தில் பூங்கொடி தட்டிக்கொண்டிருந்தாள், மேடையைப் பார்க்காமல், தன் கைகளையே பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, "கண்ணு, ஆ காட்டு" என்றான். அவள் காட்டினாள். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். உள்நாக்குக்குப் பின்னால், தொண்டை இறங்குகிற இடம் முழுக்க, மழையில் நனைந்த எருமைத் தோல் மாதிரி மினுமினுவென்று கறுப்பு அப்பியிருந்தது. நடுவில் ஒரு புளியங்கொட்டை நுழைகிற அளவுக்கு வழி. அதன் வழியாகத்தான் அவள் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது, சீராக, திணறாமல், வெளியே நிறுத்தி ஓடவிட்ட எஞ்சினின் தாளத்தில். அவளருகே உட்கார்ந்திருந்த புகை, அவனுக்கு வெளிச்சம் மறைக்கக்கூடாது என்பது போலச் சற்று நகர்ந்துகொடுத்தது.

சேலத்துக்குக் கூட்டிப்போனான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, குழாய் விட்டுப் பார்த்து, "ஒண்ணுமே இல்லையே, நல்லா கிளியரா இருக்கு. முன்னை இருந்த வீசிங்கூட இல்லை. எதுக்குப் பயப்படறீங்க?" என்றார். அவர் கையில் வைத்திருந்த படத்தில் செங்கோடனுக்குத் தெரிந்த கறுப்பு அவருக்குத் தெரியவில்லை. அவர் லாரி வைத்திருக்கவில்லை.

அப்போதுதான் மாரப்பனைப் போய்ப் பார்த்தான். ஊரில் தகட்டை ஒரு தடவை கழற்றிப் பார்த்த ஒரே ஆள் மாரப்பன். செங்கோடனுக்குப் பங்காளி முறை. இரண்டு பேரும் மாரப்பன் வீட்டுக் களத்தில் வண்டி டயரின் மேல் உட்கார்ந்தார்கள். மாரப்பனின் மகன் கபிலன் கொஞ்சம் தள்ளி, தன் புகையோடு சோழி ஆடிக்கொண்டிருந்தான்.

"கழட்டுனனப்பா, நான் இல்லைங்கல" என்றான் மாரப்பன். "கழட்டுன அன்னைக்கே புகை வரலை, எஞ்சினுக்குள்ளயே போயிருச்சு. சரி, விட்டது சனியன்னு சோறு திங்க உக்காந்தோம். இவன் இருமுனான் பாரு. இருமல்னா நம்ம இருமற இருமல் இல்லை. பாய் கம்பி பிரஷ்ஷைப் போட்டு உள்ளுக்குள்ள சுரண்டுனா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். கரி கரியா வருது. கண்ணு பிதுங்குது. நிறுத்தவே மாட்டேங்கறான். பொழுது விடிஞ்சும் இருமறான், பொழுது போயும் இருமறான். அக்கம்பக்கத்துல வந்து, ஏனுங்க புள்ளைய என்ன பண்றீங்கன்னு சண்டைக்கு நிக்கறாங்க. இவங்க அம்மா என் கால்ல உழுந்து, மறுக்கா போட்டுருங்க, போட்டுருங்கன்னு…" அவன் நிறுத்திக்கொண்டான். "போட்டுட்டேன்."

"போட்டதும் நின்னுருச்சா?"

"உடனே நின்னுருச்சு." மாரப்பன் மகன் பக்கம் பார்க்காமல் சொன்னான். "அப்பறம் அவன் வாயே திறக்கறதில்லை. சோத்துக்கு மட்டுந்தான்."

"இருமி முடிக்கட்டும்னு விட்டிருந்தா?"

"முடிஞ்சிருக்குமா, இல்லை அவனே முடிஞ்சிருப்பானா? அது எனக்கு எப்படிப்பா தெரியும்? நீ சொல்லு. எவனாச்சும் சொல்லட்டும்."

கபிலன் சோழியை உருட்டினான். சோழி விழுந்த சத்தம் கேட்டது, அவன் சந்தோஷப்பட்ட சத்தம் கேட்கவில்லை.

அனீபா பாய்க்கும் தெரியவில்லை. "கரி போறதுக்குத் தனி வழி கிடையாதுண்ணே, வந்த வழிதான். சுரண்டித்தான் எடுக்கோணும். தகட்டைக் கழட்டுனா உங்க வண்டி பழையபடி அடைக்கும், பழையபடி எங்கிட்டக் கொண்டாந்து நிறுத்தோணும், மாசாமாசம் உக்காந்து சுரண்டோணும், அதுக்கு நான் இருக்கேன். பாப்பாவுக்கு என்ன ஆகும்னு கேட்டா, எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், பாதியில பயந்துக்கிட்டு மறுக்கா மாட்டாதீங்க. மாட்டுனா முன்னைவிட இறுகிப்போகுது. மாரப்பன் பையனைப் பார்த்தீங்கல்ல?"

வீட்டில் சொன்னான். பூங்கொடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க லோடு ஏத்திட்டுப் போயிருவீங்க" என்றாள் கடைசியில். "அவ நெஞ்சு கூடு தூக்கித் தூக்கிப் போடறப்ப நாந்தானுங்க புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அம்மா என்னைய விட்றாதன்னு அவ கையப் புடிச்சது எங்கிட்டத்தான். இப்பத்தான் புள்ளை தூங்கறா. அதைக் கெடுத்துருவீங்களா?"

"குரல் போயிருச்சு பூங்கொடி."

"உசுரு இருக்குதில்லீங்க."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. தகட்டை வைத்தாலும் பயம், எடுத்தாலும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவன் லோடு ஏற்றுவதும் இறக்குவதுமாக நாட்களைத் தள்ளினான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் தூங்குகிற மகளின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தான். விரலுக்குத் தெரிகிற மூச்சு ஒவ்வொரு தடவையும் ஓர் இழை குறைந்திருந்தது.

பரீட்சை லீவு விட்டதும், நிறைமதி லாரியில் வரவேண்டும் என்றாள். வாயால் சொல்லவில்லை, லாரிச் சாவியை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கிருஷ்ணகிரிக்கு சிமெண்ட் லோடு, போய்விட்டு மறுநாள் திரும்பிவிடலாம். செங்கோடனுக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அடைபட்ட வண்டிக்கு டிரைவர்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள்: சும்மா ஆனில் போட்டு நிறுத்தி வைக்காதே, ஊருக்குள் உருட்டிக்கொண்டு திரியாதே, நல்ல பாரத்தை ஏற்றி நல்ல மேட்டில் முறுக்கி ஓட்டு, உள்ளே இருக்கிற கரி சூட்டில் எரிந்து போய்விடும். எஞ்சினுக்கு ஆகிறது பிள்ளைக்கும் ஆகாதா என்று நினைத்தான். லாரிக்காரனைத் தவிர வேறொருவன் அப்படி நினைத்திருக்க மாட்டான்.

"ஜாக்கிரதைங்க" என்று பூங்கொடி புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். "பொழுதோட அது வந்தா நான் என்ன சொல்லட்டும்? பாப்பா ஊர்ல இல்லைன்னு சொல்லிரட்டுமா?"

அது வீட்டுக்குப் போகவில்லை. வண்டி சேலத்தைத் தாண்டுவதற்குள், பட்டப்பகலில், கியர் பாக்ஸ் பக்கமிருந்து மெல்ல ஏறி வந்து நிறைமதியின் மடியில் உட்கார்ந்துகொண்டது. தேடிப் போகவேண்டிய பெயர் பக்கத்திலேயே இருக்கும்போது அது ஏன் அவ்வளவு தூரம் நடக்கவேண்டும்? நிறைமதி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் ஓடின. சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிந்தது.

தொப்பூர் ஏற்றம் வந்தது. செங்கோடன் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பழைய காலத்தில் அந்த மேட்டில் அந்த வண்டி திணறித் தவித்து, பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டும்படி ஊர்ந்து போகும். இன்றைக்கு முப்பது டன் சிமெண்ட்டையும் முதுகில் வைத்துக்கொண்டு, தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்து இழுக்கிற மாதிரி, நின்று நிதானித்து ஏறியது. எஞ்சின் ஏற ஏற மடியிலிருந்த புகை பெருத்தது. கன்றுக்குட்டியாக இருந்தது எருமைக்கன்று உயரமாயிற்று, அவள் மார்பை மறைத்தது, கழுத்தை எட்டியது. செங்கோடன் இன்னும் மிதித்தான், எரியட்டும், எரியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மிதித்தான், வளைவு திரும்பும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

நிறைமதி அவனைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அசைத்துக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை. உதடு 'அப்பா' என்றது, மறுபடியும் 'அப்பா' என்றது. உதட்டோரம் நீலம் பூத்திருந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குக் கீழே அடைகொடுத்துவிட்டு ஓடிவந்து அவள் வாயருகில் காதை வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நல்லாத்தான் இருக்குது. வண்டிய எடுங்க."

எஞ்சின் ஆனில்தான் இருந்தது. அது ஒரு தடவை மூச்சிழுத்தபோது அவளும் ஒரு தடவை இழுத்தாள். அது இழுத்ததில் மீந்ததைத்தான் இழுத்தாள். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டான். பூங்கொடி எடுத்ததும், நின்றிருக்கிற இடத்தைச் சொன்னான், கழற்றப்போகிறேன் என்றான்.

"அங்கயா?" என்று அலறினாள் அவள். "நடுக் காட்டுலயா? கையில மூச்சு மெஷின்கூட இல்லீங்க. இருமல் வந்து நிக்கலைன்னா எங்க தூக்கிட்டு ஓடுவீங்க? ஆஸ்பத்திரி எங்க இருக்குது அங்க? வேண்டாமுங்க, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், ஊட்டுக்கு வந்துருங்க, ரெண்டு பேருமா இருந்து பாத்துக்கலாம். புள்ளைகிட்டக் குடுங்க. புள்ளைகிட்ட போனைக் குடுங்க."

அவன் போனை மகள் வாயருகில் பிடித்தான். நிறைமதி அம்மாவிடம் பேசினாள். நிறையப் பேசினாள், வழியில் பார்த்த குரங்கைப் பற்றி, புளிச்சோற்றைப் பற்றி; உதடுகளைப் பார்த்து அவனால் அதையெல்லாம் புரிந்துகொள்ள முடிந்தது.

"பேசச் சொல்லுங்க" என்றது போன். "ஏன் பேச மாட்டேங்கறா? தூங்கறாளா?"

"பேசிட்டுத்தான் இருக்கறா, பூங்கொடி."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிப்போனது. ஒரு டேங்கர், அதன் பின்னால் ஒரு கண்டெய்னர், சாமி பெயரும் பிள்ளை பெயருமாக நெற்றியில் எழுதிய வண்டிகள், ஒன்றுகூட இளைக்காமல், ஒன்றுகூடப் புகை கக்காமல், பளிங்கு மாதிரி சுத்தமான காற்றில் மேடேறிப் போய்க்கொண்டே இருந்தன. போனில் பூங்கொடி அழுகிறாளா, கேட்டுக்கொண்டிருக்கிறாளா, போனைக் கீழே வைத்துவிட்டு நெபுலைசரை எடுத்துக்கொண்டு பஸ் ஏற ஓடுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நிறைமதி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செங்கோடனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் எஞ்சினை அணைத்தான். மகளைத் தூக்கி இறக்கி, சாலையோரக் கட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, செங்கோடன் கேபினைச் சாய்த்துத் தகட்டைக் கழற்றினான்.